மைலுக்கு எத்தனை ஷில்லிங்: தபால் கப்பல் ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்தால்

1844-இல் பிரிட்டிஷ் அரசும் பி அண்டு ஓ என்ற கப்பல் கம்பெனியும் கையெழுத்திட்ட தபால் ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. சூயஸிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம், சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு மாதம் ஒருமுறை தபால் கொண்டுபோய்க் கொண்டுவர ஆண்டுக்கு 1,15,000 பவுண்டு. இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் போகும் கிளைக்கு 45,000 பவுண்டு. மொத்தம் 1,60,000. இதில் 70,000 பவுண்டைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி.

இந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. அன்றைய பேரம் மைல் கணக்கில்தான் நடந்தது. சூயஸிலிருந்து ஏடன் சுமார் 1,300 கடல் மைல். ஏடனிலிருந்து காலி 2,100-க்குச் சற்று மேல். காலியிலிருந்து சென்னை சுமார் 550, அங்கிருந்து கல்கத்தா சுமார் 770. கூட்டினால் 4,750-ஐ ஒட்டி வரும். மாதம் ஒரு போக்கு, ஒரு வரவு என்றால் ஆண்டுக்கு 24 ஓட்டம், ஏறத்தாழ 1,15,000 மைல். அதாவது மைலுக்கு ஒரு பவுண்டு, 20 ஷில்லிங். சீனக் கிளையில் ஒரு ஓட்டம் 3,100 மைலுக்குச் சற்று மேல். 24 ஓட்டத்துக்கு 75,000 மைல். மைலுக்கு 12 ஷில்லிங்தான் விழுகிறது.

ஒரே கம்பெனி, ஒரே ஒப்பந்தம், அடுத்தடுத்த கடல். பிறகு ஏன் ஒன்றுக்கு 20, இன்னொன்றுக்கு 12? கல்கத்தா தடத்துக்கு வந்த ஹிந்துஸ்தான் 520 குதிரைத்திறன் கொண்ட கப்பல். சீனக் கிளையைத் தொடங்கிவைத்த லேடி மேரி வுட்டின் இன்ஜினுக்கு அதில் ஏறத்தாழ பாதி திறன்தான். பெரிய இன்ஜின் என்றால் அதிக நிலக்கரி. சூயஸில் கிடைக்கும் நிலக்கரிதான் அந்தத் தடத்திலேயே விலை கூடியது. அந்த 8 ஷில்லிங் வித்தியாசத்தில் பெரும்பகுதி அடுப்புக்குள் போனது என்று சொன்னால் தப்பாகாது. தபாலின் எடைக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை. அரசு விலை கொடுத்தது மூட்டைகளைச் சுமப்பதற்கு அல்ல. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், சரக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த நாளில் கப்பல் கிளம்பியாக வேண்டும் என்பதற்குத்தான்.

பேரம் எப்படி நடந்தது என்பதற்கு வருவோம். 1837-இல் தபால் கப்பல்களின் பொறுப்பு அஞ்சல் துறையிடமிருந்து அட்மிரால்டிக்கு, அதாவது கடற்படைத் தலைமைக்கு, மாறியது. அதன் பிறகு அட்மிரால்டி விளம்பரம் கொடுக்கும். எந்தத் துறைமுகத்திலிருந்து எதற்கு, மாதம் எத்தனை முறை, குறைந்தது எத்தனை குதிரைத்திறன், டெண்டர் எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முத்திரையிட்ட உறையில் டெண்டர் வரும். ஜாமீன் பத்திரமும் வேண்டும். திறந்து பார்த்துக் கருவூலத்துக்கு அனுப்புவார்கள். கருவூலம் தலையசைத்த பிறகுதான் பத்திரம் எழுதப்படும்.

வெளிப்பார்வைக்கு நேர்மையான ஏற்பாடு. ஆனால் முதல் பேரம் விளம்பரத்தின் வாசகத்திலேயே முடிந்துவிடும். சேவை தொடங்க எத்தனை மாத அவகாசம் என்ற ஒரு வரி போதும். அவகாசம் குறைவாக இருந்தால் ஏற்கெனவே கப்பல் வைத்திருப்பவன் மட்டுமே டெண்டர் போட முடியும். புதிதாக வருபவனுக்குக் கப்பல் கட்டவே ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். 1838 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் தடத்துக்கு விளம்பரம் வந்தபோது, அட்லாண்டிக்கில் நீராவிக் கப்பல் ஓட்டிக் காட்டியிருந்த கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியே கப்பல் கட்ட அவகாசம் கேட்டுத் தோற்றது. டெண்டர் தேதி தாண்டி லண்டனுக்கு வந்த ஹாலிஃபாக்ஸ் கப்பல் முதலாளி சாமுவேல் குனார்டு நேரில் பேசி ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போனார். கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் வருடக்கணக்கில் முறையிட்டு, 1846-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு விசாரணையே நடந்தது. ஒப்பந்தம் மட்டும் குனார்டிடமே இருந்தது.

தோற்றவனுக்கு வேறு வழி தோன்றுவதும் உண்டு. கிழக்குத் தபாலைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையில் 1851-இல் உருவானது ஈஸ்டர்ன் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மறு வருடம் ஒப்பந்தம் பி அண்டு ஓவுக்கே போனது. தபாலுக்கு அரசு தரும் பணமான மானியமும் இல்லை, வழியில் நிலக்கரிக் கிடங்கும் இல்லை. அப்போதுதான் போகவர வேண்டிய கரி முழுவதையும் தானே சுமக்கும் ஒரு ராட்சதக் கப்பல் என்ற பொறியாளர் புரூனெலின் யோசனை அவர்களுக்கு எடுபட்டது. கிரேட் ஈஸ்டர்ன் பிறந்தது இப்படித்தான்.

நிலக்கரியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கின் அடிவயிறு அதுதான். வேல்ஸில் வெட்டிய கரியைப் பாய்க்கப்பல்களில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏடனுக்கும் காலிக்கும் பம்பாய்க்கும் அனுப்பினார்கள். மாதக்கணக்கான பயணம். செங்கடலில் வடக்கே போகப் போக எதிர்க்காற்று. பாய்க்கப்பல் சூயஸ் வரை போய்ச் சேருவது பெரும்பாடு என்பதால், ஆரம்ப வருடங்களில் எகிப்தின் பாலைவனத்தில் ஒட்டகத்தின் முதுகிலும் கரி போனது. கிடங்கில் குவித்த கரி வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து சத்துக் குறையும். சில சமயம் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் புகையும். போர் வந்தால் பாய்க்கப்பல் வாடகை எகிறும். கிரிமியப் போரில் எகிறியது. கரி விலை ஏறினால் மானியமும் ஏற வேண்டும் என்று ஒரு கம்பெனி வாதாடினால் அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கருவூலம் அப்படியொரு வாசகத்துக்கு லேசில் இறங்காது. கரியின் ஏற்ற இறக்கத்தைக் கம்பெனிதான் சுமக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பணம் என்பது அதன் பதில்.

இதோடு பின்னியது வேகம். ஒரு கப்பலின் வேகத்தைக் கூட்டினால் மணிக்கு எரியும் கரி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். பயண நேரம் குறைவதால் ஒரு நடைக்கு ஆகும் கரி இருமடிக்கு ஏற்ப ஏறும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பலை 11-க்குத் தள்ளினால் ஒரு நடைக்கு 21 சதவீதம் கூடுதல் கரி. 12-க்குத் தள்ளினால் 44 சதவீதம். அந்தக் கரிக்கு இடம் வேண்டும் அல்லவா? சரக்கு அறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அரசு அதிகாரி 'அரை நாட் கூட்டுங்கள்' என்று சாதாரணமாகக் கேட்கும்போது, கம்பெனியின் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கரிச் செலவு ஏறுகிறது, சரக்குக் கூலி இறங்குகிறது. விஷயம் தெரிந்த கம்பெனிகள் வேகத்தைவிட நேர அட்டவணையில் பேரம் பேசின. சராசரி வேகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, துறைமுகத்தில் நிற்கும் மணி நேரத்தைத் தாராளமாக எழுதி வாங்கிக்கொண்டால், கடலில் இழந்ததைக் கரையில் ஈடுகட்டலாம்.

அட்டவணை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனியின் மேற்கிந்தியத் தீவுச் சேவையைக் காட்டலாம். 1840-இல் எழுதிய ஒப்பந்தம், ஆண்டுக்கு 2,40,000 பவுண்டு, 14 கப்பல். ஜேம்ஸ் மக்வீன் வரைந்த வழித்தடத் திட்டம் எந்தத் தீவையும் விட்டுவைக்கவில்லை. ஆண்டுக்கு 6,80,000 மைலுக்கு மேல். ஒரு கப்பல் ஒரு தீவில் தாமதித்தால் அதற்காகக் காத்திருக்கும் அடுத்த கப்பலும் தாமதம், அதற்கடுத்ததும் தாமதம். 1842-இல் தொடங்கிய சேவை அந்த வருடத்திலேயே திணறி, இரண்டு கப்பல்களையும் பறிகொடுத்தது. திட்டத்தைப் பெருமளவு வெட்டிச் சுருக்க வேண்டி வந்தது. இதில் தவறு இரண்டு பக்கமும்தான். எல்லாத் துறைமுகத்தையும் கேட்டது அரசு, எல்லாவற்றுக்கும் சரி என்றது கம்பெனி.

அபராத வாசகத்துக்கு வருகிறேன். குனார்டின் 1839 ஒப்பந்தம் ஆண்டுக்கு 60,000 பவுண்டு. மாதம் இரண்டு நடை என்றால் ஒரு நடைக்கு 2,500 பவுண்டு கிடைக்கும். கப்பல் கிளம்பத் தாமதமானால் 12 மணி நேரத்துக்கு 500 பவுண்டு அபராதம். இரண்டரை நாள் தாமதம் ஒரு நடையின் மானியத்தையே விழுங்கிவிடும். இந்த விகிதத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு உபரிக் கப்பல் இல்லாமல் யாரும் இதில் இறங்க முடியாது. முதலில் மூன்று கப்பல், 55,000 பவுண்டு என்று எழுதியதை நான்கு கப்பல், 60,000 என்று மாற்றியதன் அர்த்தமும் அதுதான். கூடுதல் 5,000 பவுண்டுக்கு இன்னொரு கப்பலை வாங்கிவிட முடியாது, ஆனால் அது இல்லாவிட்டால் அபராதத்திலேயே கரைந்துபோவார்கள்.

அபராதம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதில்தான் சண்டை. கால்வாய் இல்லாத காலம்; அலெக்சாண்டிரியாவில் இறக்கிய தபால் எகிப்தைத் தரைவழியாகக் கடந்து சூயஸுக்கு வரத் தாமதமானால் அங்கே காத்து நிற்கும் கப்பல் என்ன செய்யும்? அது கம்பெனியின் குற்றமில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அரபிக்கடலில் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே வேகம் படுத்துவிடும். அதனால் அந்தப் பருவத்துக்கு அதிக மணி நேரம் தனியாக எழுதப்படும். சென்னையின் கதை தனி. துறைமுகச் சுவர் எழும்பும்வரை கப்பல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி வந்து தபால் பெட்டிகளையும் ஆட்களையும் வாங்கிப் போகும். அலை மிஞ்சிவிட்டால் கரையில் கொடி ஏறும், படகு வராது. கப்பல் வந்துசேர்ந்த நேரம் என்பது நங்கூரமிட்ட நேரமா, பெட்டி கரையேறிய நேரமா? இந்த ஒரு சொல்லைத் தெளிவாக எழுதாத ஒப்பந்தம் சென்னைக் கரையில் ஒவ்வொரு ஐப்பசியிலும் தகராறில்தான் போய் முடியும்.

கப்பலில் தபாலுக்குக் காவலாக அட்மிரால்டி ஏஜென்ட் என்று ஒரு கடற்படை அதிகாரி வருவார். அவருக்கு அறை, சாப்பாடு, இறங்கி ஏற ஒரு படகு, அதைத் துடுப்புப் போட ஆட்கள், எல்லாம் கம்பெனி செலவு. தேவையென்று அவருக்குப் பட்டால் கப்பலின் புறப்பாட்டை நிறுத்திவைக்கும் அதிகாரமும் உண்டு. கேப்டனுக்கு மேலே இன்னொரு கேப்டன். கம்பெனிகள் இதை ரசித்ததில்லை. ஆனால் தாமதத்துக்கு யார் காரணம் என்று பதிவு செய்வதும் அந்த ஏஜென்ட்தான் என்பதால், அவரைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது.

அட்மிரால்டி கையில் ஒப்பந்தம் இருந்ததன் இன்னொரு விளைவு கப்பலின் கட்டுமானத்தில் தெரியும். போர் வந்தால் பீரங்கி ஏற்ற வேண்டும் என்பதால் பலமான மரக் கப்பல்தான் வேண்டும் என்றார்கள். குண்டு பட்டால் இரும்புத் தகடு சிதறும் என்ற பயம். ராயல் மெயிலின் அமேசான் மரக் கப்பலாகவே கட்டப்பட்டது. 1852 ஜனவரி 2-இல் முதல் பயணமாக சௌதாம்ப்டனை விட்டுக் கிளம்பி, 4-ஆம் தேதி பிஸ்கே விரிகுடாவில் எரிந்து போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ராயல் மெயிலுக்கு அதற்குப் பிறகே இரும்புக்குக் கதவு திறந்தது. போர்க்காலத்தில் கப்பலை அரசே எடுத்துக்கொள்ளும் வாசகமும் இந்த ஒப்பந்தங்களில் உண்டு. விலையோ வாடகையோ மத்தியஸ்தர் முடிவு செய்வார். கம்பெனிக்கு இது எப்போதும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பி அண்டு ஓ கட்டிய ஹிமாலயா 3,438 டன் பிரம்மாண்டம், கரியைத் தின்னும் பூதம். 1854-இல் கிரிமியப் போருக்காக அரசு அதை 1,30,000 பவுண்டுக்கு வாங்கியபோது கம்பெனி நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும்.

குறைந்த விலை சொன்னவனுக்கே கொடுத்துவிடலாமே என்றால், அதுவும் ஏமாற்றும். சூயஸ்–பம்பாய் தடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடற்படைக் கப்பல்களைக் கொண்டு ஓட்டியபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. 1854-இல் பி அண்டு ஓ அதையே சுமார் 24,000 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. நான்கில் ஒரு பங்குகூட இல்லை! இதைத் தனியார் திறமைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஏடனில் கிடங்கும், சூயஸில் ஆட்களும், அந்தக் கடலில் ஏற்கெனவே ஓடும் கப்பல்களும் வைத்திருந்த கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு தடம் ஓட்ட ஆகும் செலவு வேறு, முழு அமைப்பையும் அந்த ஒரு தடத்துக்காகவே சுமந்தவனின் செலவு வேறு. கல்கத்தா தடத்தின் மைலுக்கு 20 ஷில்லிங்தான் அந்தக் கிடங்குகளுக்கெல்லாம் முதல் போட்டது.

எதிர்ப்பக்க உதாரணம் ஆஸ்திரேலியத் தபால். 1856-இல் யூரோப்பியன் அண்டு ஆஸ்திரேலியன் என்ற புதுக் கம்பெனி 1,85,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் பெற்றது. பாதி பிரிட்டன், பாதி ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள். வேக உறுதி தாராளம், கையில் இருந்த கப்பல்களோ போதாது. வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 1858-இல் போட்ட மூலதனத்தையும் தின்றுவிட்டுக் கம்பெனி சாய்ந்தது. அடுத்த வருடம் அந்தத் தடமும் பி அண்டு ஓ கைக்கு வந்தது. டெண்டரைத் திறப்பவர் விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, உபரிக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதுதான்.

இனி எல்லோரும் படிக்காமல் தாண்டும் ஒரு வாசகம். 'நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்திலிருந்து' மானியம் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேவுக்கும் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டுக்கும் தபால் கொண்டுபோன ஜோசப் சர்ச்வார்டு, 1859 தேர்தல் சமயத்தில் தன் ஒப்பந்தத்தை 1870 வரை நீட்டித்துக்கொண்டார். ஆண்டுக்கு 18,000 பவுண்டு. டோவர் தொகுதியில் அரசு வேட்பாளருக்கு ஆதரவு தந்ததற்கான கைம்மாறு என்று குற்றச்சாட்டு எழுந்தது. புதிய நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை நேரடியாக ரத்து செய்யவில்லை. 1863-இன் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், ஜூன் 20-க்குப் பிறகு சர்ச்வார்டுக்கு இதிலிருந்து ஒரு காசும் போகக்கூடாது என்று எழுதிவிட்டது. அவர் வழக்குப் போட்டார். நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவதே ஒப்பந்தத்தின் முன்நிபந்தனை, ஒதுக்காவிட்டால் அரசுக்குப் பொறுப்பில்லை என்று 1865-இல் தீர்ப்பு வந்தது. பதினொரு வருட ஒப்பந்தம் உண்மையில் வருடாவருடம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம்தான் என்று கப்பல் முதலாளிகளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த விவகாரத்தோடு 1860-இல் தபால் ஒப்பந்தங்கள் அட்மிரால்டியிடமிருந்து அஞ்சல் துறைக்குத் திரும்பின. ஒரு மாதம் நாடாளுமன்ற மேசையில் கிடந்து எதிர்ப்பின்றித் தப்பினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற விதியும் வந்தது.

அந்த மேசையைத் தாண்டி வந்த ஒப்பந்தங்களில் மிக விசித்திரமானது 1867 நவம்பரில் பி அண்டு ஓவோடு எழுதியது. பம்பாய்க்கு வாரம் ஒரு தபால் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. கிழக்குச் சேவை முழுவதற்கும் டெண்டர் போட பி அண்டு ஓவை விட்டால் ஆளில்லை. போட்டி இல்லாதபோது நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? அஞ்சல் துறை ஒரு வழி யோசித்தது. ஆண்டுக்கு 4,00,000 பவுண்டு. பங்குதாரர்களுக்கு 8 சதவீத லாபப்பங்கு வராவிட்டால் அரசு 5,00,000 வரை ஏற்றிக் கொடுக்கும். 8-ஐத் தாண்டினால் மிகுதியில் கால் பங்கு அரசுக்கு. பன்னிரண்டு வருடம்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் லாபம் என்பது என்ன? பி அண்டு ஓ தன் கப்பல்களுக்குத் தானே காப்பீட்டு நிதி வைத்திருந்தது. அந்த நிதிக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்குவது, கப்பல் தேய்மானத்துக்கு எத்தனை சதவீதம், புது பாய்லர் பழுதுபார்ப்பா முதலீடா? ஒவ்வொன்றும் லாபத்தை ஏற்றி இறக்கும். முடிவெடுப்பது கம்பெனியின் கணக்குப்பிள்ளை, விளைவைச் சுமப்பது கருவூலம். அதோடு லாபம் 8-க்குக் கீழே இருக்கும் வருடத்தில் சிக்கனம் பிடித்தால் பயன் அரசுக்குத்தான் போகும், கம்பெனிக்கு இல்லை. பிறகு யார் சிக்கனம் பிடிப்பார்கள்? நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட மோசமான ஒப்பந்தம் என்றே இதைச் சொல்வேன். 1870-இல் இதைக் கைவிட்டு 4,50,000 பவுண்டு என்று ஒரே தொகையாக்கினார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. கையெழுத்தானபோது சூயஸில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1869 நவம்பரில் அது திறந்தது. பன்னிரண்டு வருட ஒப்பந்தம் தபாலை அலெக்சாண்டிரியாவில் இறக்கி, ரயிலில் சூயஸ் கொண்டுபோய், மறுபடி கப்பலேற்றும் பழைய முறையையே நம்பி எழுதப்பட்டிருந்தது. பி அண்டு ஓவின் கப்பல்களும் அந்த முறைக்காகவே கட்டப்பட்டவை. எகிப்துக்கு மேற்கே ஒரு படை, கிழக்கே ஒரு படை. கால்வாய் வழியாகவே தபாலைக் கொண்டுபோகிறோம் என்று கம்பெனி கேட்டபோது அஞ்சல் துறை ஒப்பந்தத்தைக் காட்டியது. வழியை மாற்ற வேண்டுமா, மானியத்தைக் குறை. விளைவு வேடிக்கை. கால்வாயில் போகும் கப்பலே அலெக்சாண்டிரியாவில் நின்று தபாலை இறக்கியது. தபால் ரயிலில் போனது, கப்பல் தபால் இல்லாமல் கால்வாயில் நகர்ந்தது, சூயஸில் இரண்டும் மறுபடி சந்தித்தன. இந்தக் கூத்து 1874 வரை நடந்து, ஆண்டுக்கு 20,000 பவுண்டு குறைத்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்த பிறகே தீர்ந்தது. அதுவும் சௌதாம்ப்டன் வழியாக வரும் கனத்த தபாலுக்கு மட்டும். இத்தாலியின் பிரிந்திசி வழியாக வரும் அவசரத் தபால், ஒப்பந்தம் மறுபடி எழுதப்பட்ட 1888 வரை எகிப்தின் ரயிலில்தான் போய்க்கொண்டிருந்தது.